அழுக்கைப் பாரு, அப்புறம் ரோபோவைத் திட்டு

நீச்சல் குளத்துல ரோபோவை இறக்கி, ரெண்டரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியே எடுத்த பிறகும் தரையில அழுக்கு அப்படியே கிடந்தா யாருக்கும் எரிச்சல் வரும்தான். கொடுத்த காசு கண்ணு முன்னால வந்து நிக்கும். கை தானா சர்வீஸ்காரர் நம்பரைத் தேடும். கொஞ்சம் பொறு, தங்கச்சி. ஈ.சி.ஆர். பக்கம் வார இறுதிக்கு வீடு வாடகைக்கு விடுறவங்க, அப்பார்ட்மென்ட் சங்கத்துல குளத்துப் பொறுப்பு தலையில விழுந்தவங்க, பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள்ள விருந்தினர் வீடு நடத்துறவங்க, எல்லாருக்கும் புகார் ஒண்ணுதான்: "நல்லா ஓடுது, ஆனா சுத்தம் பண்ண மாட்டேங்குது." ஓடுதுன்னாலே மோட்டாருக்கு உயிர் இருக்கு. கோளாறு பெரும்பாலும் ஃபில்டர்ல இருக்கும், பிரஷ்ல இருக்கும், இல்லேன்னா குளத்துத் தண்ணியிலேயே இருக்கும். இதெல்லாம் நீயே பார்த்துக்கலாம். பாதி வேலைக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

முதல்ல ரோபோவைத் தொடாதே. அது விட்டுட்டுப் போன அழுக்கைப் பாரு. நீளக் கம்பியில மாட்டின பிரஷை எடுத்து, கரையில நின்னபடியே அந்த அழுக்கை மெல்லத் தள்ளு. கனமா நகர்ந்து, தள்ளின இடத்துலயே உடனே படிஞ்சா அது மணல். தொட்டதும் தூளாக் கிளம்பி தண்ணியில கலந்து, வெள்ளையாத் தெரிஞ்சா மருந்துச் சுண்ணாம்பு. அப்படியே கிளம்பி மஞ்சளாவோ பச்சையாவோ தெரிஞ்சா, அதுவும் வெயில் படாத பக்கமா ஒட்டியிருந்தா, பாசி. எவ்வளவு தேய்ச்சும் நகரவே இல்லைன்னா அது அழுக்கே இல்லை, கறை. இந்த நாலுல மணல் மிச்சம் கிடந்தா மட்டும்தான் ரோபோ மேல நேரடியா சந்தேகப்படணும். மத்த மூணுக்கும் புது ரோபோ வாங்கி இறக்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

வெள்ளைத் தூள்

நம்ம ஊர்க் குளங்கள்ல ரோபோவுக்குக் கெட்ட பேர் வாங்கித் தர்றது இதுதான். பிளீச்சிங் பவுடர்ல குளோரின் மட்டும் இல்லை, தண்ணியில கரையாத சுண்ணாம்பும் இருக்கு. சாயங்காலம் பூல் ஆள் வந்து, மூட்டையிலிருந்து மக்குல அள்ளி அப்படியே குளத்துல வீசிட்டுப் போறார்னு வை. குளோரின் தண்ணியோட போயிடும்; சுண்ணாம்பு நைஸாத் தரையில படியும். காலையில ரோபோ அதை உறிஞ்சும், தூள் ஃபில்டர் வலைக்குள்ள நுழைஞ்சு மேல்பக்கமா வெளியே வந்துடும். குளம் கொஞ்ச நேரம் கலங்கலா இருக்கும். மதியம் போய்ப் பார்த்தா தரை பழையபடி வெள்ளை. நம்ம தலைமுடி சுமாரா 70 மைக்ரான் தடிமன். நைஸ் ஃபில்டர்னு தனியா விக்கிற வலையோட கண்ணே 50 மைக்ரான் வாக்குலதான் இருக்கும். பெட்டியோட வர்ற சாதாரண வலைக்குக் கண்ணு இன்னும் பெரிசு. சுண்ணாம்புத் தூள்ல நிறையவே அதைவிடப் பொடி. அதுல போய் மாட்டுமா?

அதனால பவுடரை நேரா வீசக் கூடாதுன்னு பூல் ஆள்கிட்ட கண்டிப்பாச் சொல்லு. பிளாஸ்டிக் பக்கெட்ல தண்ணியை முதல்ல நிரப்பி, அதுல பவுடரைப் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் அசைக்காம வைக்கணும். மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை மட்டும் குளத்துல ஊத்தணும், அடி வண்டல் குளத்துக்குப் போகக் கூடாது. கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்துல செய்யணும். இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதே: பிளீச்சிங் பவுடர் கலக்கின பக்கெட்லயோ மக்குலயோ டி.சி.சி.ஏ.ங்கிற குளோரின் மாத்திரை, குருணை எதுவும் படக் கூடாது. ரெண்டும் சேர்ந்தா விஷ வாயு கிளம்பும், தீப்பிடிச்சு வெடிக்கவும் செய்யும். ரெண்டுக்கும் தனித்தனி பக்கெட், தனித்தனி அளவு மக்கு.

ஏற்கெனவே படிஞ்சு கிடக்கிறதுக்கு என்ன பண்றது? கை வேக்கம்தான். ஹோஸை மாட்டி, மல்ட்டிபோர்ட் வால்வை "வேஸ்ட்"ல திருப்பி, உறிஞ்சி நேரா வெளியே தள்ளிடு. தண்ணி மட்டம் கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கலாம். படிகாரம் போட்டு அழுக்கைப் படிய வச்ச மறுநாளும் இதே முறைதான். அன்னைக்கு ரோபோவை இறக்கவே இறக்காதே. படிகாரத்தோட சேர்ந்து படியற அழுக்கு அவ்வளவு லேசு. பிரஷ் பட்டதும் பாதி கலைஞ்சுடும், மீதி ஃபில்டரைக் கொஞ்ச நேரத்துலயே அடைச்சுடும்.

பாசியும் கறையும்

பாசியைப் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்லை. ரோபோ பாசியைக் கொல்லாது, இடம் மாத்தும். கையால பிரஷ் போட்டு, குளோரின் ஏத்தி, குளத்து மோட்டாரை நல்லா ஓடவிட்டு, பாசி செத்துப் படிஞ்ச பிறகுதான் ரோபோவுக்கு வேலை. பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவுல இருந்தா குளோரின் ஒழுங்கா வேலை செய்யும். குளோரினை அள்ளிக் கொட்டின அன்னைக்கே ரோபோவைத் தண்ணியில விடாதே. 4 பி.பி.எம்.முக்குக் கீழ இறங்கட்டும், இல்லேன்னா ரப்பர் பெல்ட்டும் கேபிள் உறையும் சீக்கிரம் விறைச்சுப் போயிடும்.

கறைக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற வைட்டமின் சி மாத்திரை ஒண்ணை, கைக்கு எட்டற படியில இருக்கிற கறை மேல வச்சு அழுத்தித் தேய். பழுப்பு வெளுத்தா அது போர் தண்ணியில வந்த இரும்பு. வெளுக்கலையா? அதே இடத்துல கொஞ்சம் குளோரின் கரைசலைக் காட்டிப் பாரு. அதுக்கு மங்கினா இலைச்சாறு. குளத்தோரம் நாட்டு வாதாம் மரம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், காய்ஞ்ச இலை ராத்திரி முழுக்க ஒரே இடத்துல கிடந்தா இலையோட அச்சு அப்படியே தரையில விழுந்திருக்கும். இதுக்கெல்லாம் ரோபோ பொறுப்பே கிடையாது.

இப்ப ரோபோகிட்ட வருவோம்

மிச்சம் கிடக்கிறது மணல், இலை, சவுக்கு ஊசி மாதிரி பொருளா இருந்தா ரோபோவைக் கவனி. இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கோளாறு தானாப் புரியும். குளத்தோட பெரிய மோட்டாருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதுக்குள்ள தனியா ஒரு பம்பு இருக்கு. அடிவயித்துல தண்ணியை இழுத்து, ஃபில்டர் வழியா அனுப்பி, முதுகுப்பக்கம் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சலும் அடியில இருக்கிற உறிஞ்சலும் சேர்ந்துதான் ரோபோவைத் தரையிலயும் சுவத்துலயும் அழுத்திப் பிடிக்குது. ஆக, ஃபில்டர்ல தண்ணி தடைபட்டா உறிஞ்சலும் போச்சு, பிடிமானமும் போச்சு. பிரஷ் சரியாத் தரையில பதியாது, சுவர் பாதியிலேயே வழுக்கி விழும்.

ஃபில்டரை "அதான் நேத்து கழுவினேனே"ன்னு நம்பாதே. இப்படிப் பாரு: வலையைக் கழட்டித் தட்டையாப் பிடிச்சுக்கிட்டு அது மேல ஒரு மக்கு தண்ணி ஊத்து. ஊத்தின வேகத்துக்கு அது கீழ இறங்கணும். வலை மேலேயே தேங்கி நின்னா, ஓரத்துல முத்து முத்தா உருண்டா, எண்ணெய் ஏறியிருக்கு. கண்ணுக்கு வலை பளிச்சுன்னுதான் தெரியும், அதனாலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. சன்ஸ்கிரீன் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் தேங்காய் எண்ணெய். தலை நிறைய எண்ணெய் வழிய வந்து நேரா குளத்துல குதிக்கிற விருந்தாளியை என்ன சொல்றது! போர்டு வச்சாலும் படிக்க மாட்டாங்க. குளத்துக்குப் போற வழியிலேயே ஷவர் இருந்தா, நாலு பேர்ல ரெண்டு பேராவது நனைஞ்சுட்டு இறங்குவாங்க. ஏறின எண்ணெயை எடுக்க, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் விட்டு வலையை அரை மணி நேரம் ஊற வை. பழைய டூத் பிரஷால லேசாத் தேய்ச்சு, சோப்பு முழுசாப் போற வரைக்கும் அலசு. கொதிக்கிற தண்ணி வேண்டாம், சட்டம் கோணிடும். வலை சொரசொரன்னு வெள்ளை பூத்திருந்தா அது போர் தண்ணியோட உப்பு. அதுக்கு சோப்பு பயன்படாது, வினிகர் கலந்த தண்ணியில ஊறணும். வினிகர் போட்ட வலையை நல்லா அலசின பிறகுதான் திரும்பக் குளத்துப் பக்கம் கொண்டு போகணும், குளோரினும் புளிப்பும் சேரக் கூடாது.

தினப்படி கழுவும்போது தண்ணியை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமா அடி, அதாவது வண்டல் ஒட்டியிருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. இல்லேன்னா வண்டலை நீயே வலைக்குள்ள அழுத்திடுவே. ரோபோ வெளியே வந்த கையோட கழுவிடு. சேறு காய்ஞ்சு இறுகிட்டா அதை எடுக்கிறது பெரும்பாடு. கழுவின வலையை வெயிலுக்கு எதிரே பிடிச்சுப் பாரு. மூலையில தையல் விட்டிருந்தா, சவுக்கு ஊசி குத்தி ஓட்டை விழுந்திருந்தா, வெளிச்சம் காட்டிக் கொடுத்துடும். ஓட்டை வழியா மணல் திரும்பக் குளத்துக்கே போகுதுன்னு அர்த்தம். நைஸாப் பிடிக்கட்டும்னு பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு ஃபில்டருக்குள்ள சுத்தி வைக்கிறவங்க இருக்காங்க. அந்த யோசனையே வேண்டாம்டி. தண்ணி போக வழியில்லாம பம்பு திணறும், உறிஞ்சல் செத்துடும்.

ஃபில்டர் சரியா இருந்தும் மணல் ஏறலையா? ஆழம் குறைஞ்ச பக்கத்துல, ரோபோ போற வழியில ரெண்டு கைப்பிடி கழுவின மணலைத் தூவிவிட்டுக் கரையில நின்னு கவனி. ரோபோ ஓடும்போது குளத்துல யாரும் இறங்கக் கூடாது, சோதனைக்குக்கூட. அது கடந்து போன தடத்துல மணல் அப்படியே இருந்தா உறிஞ்சல் இல்லை. தடத்துல இல்லாம ரெண்டு ஓரமும் வரப்பா ஒதுங்கியிருந்தா, பிரஷ் தள்ளுது, ஆனா வாய் இழுக்கலை. தடம் சுத்தமா இருந்து, கடைசியில ரோபோ நின்ன இடத்துல மட்டும் குவியல் கிடந்தா, அடியில இருக்கிற மடல்ல கோளாறு. உறிஞ்சுற வாய்ல மெல்லிசா ஒரு மடல் இருக்கும். ஓடும்போது திறந்து, நின்னதும் மூடி, உள்ள போன அழுக்கைப் பிடிச்சு வைக்கணும். ஒரு குச்சியோ குரும்பையோ அதுல சிக்கினா மூடாது. ரோபோவைத் தூக்கும்போது அடியிலிருந்து பழுப்பா ஒழுகினா சந்தேகமே வேண்டாம், இதுதான். சிக்கினதை எடுத்தாப் போதும். மடல் கிழிஞ்சிருந்தா மாத்தணும், சின்ன பாகம்தான்.

உறிஞ்சலே இல்லைன்னா இம்பெல்லரைப் பாரு. முதல்ல பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. முதுகுல தண்ணி பீய்ச்சுற ஓட்டை மேல ஒரு சல்லடை மூடி இருக்கும், சில மாடல்ல ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூ. கழட்டினா உள்ள விசிறி தெரியும். விரலால சுத்திப் பாரு. லேசா விட்டு விட்டுப் பிடிச்சாலும் தடையில்லாம சுத்தணும். ஏதோ உரசினா டார்ச் அடிச்சுப் பாரு: தலைமுடி கயிறா முறுக்கிக் கிடக்கும், நடுவுல சவுக்கு ஊசி, தண்ணி பாட்டில் மேல ஒட்டின பிளாஸ்டிக் லேபிள் துண்டு, கருப்பு ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டுகூட இருக்கும். முடியை இழுக்காதே, அச்சுக்குள்ள இன்னும் இறுகும். தையல் பிரிக்கிற ஊசி வீட்டுல இருக்கும்ல, அதை விட்டு அங்கங்க அறுத்து, துண்டு துண்டா எடு. விசிறி இலை உடைஞ்சிருந்தா விசிறியை மட்டும் மாத்தலாம். அதுக்கு அடியில சீல் வச்ச மோட்டார் பெட்டி இருக்கும், அதைத் திறக்காதே. ஒரு தடவை தண்ணி புகுந்தா அத்தோட சரி.

பிரஷ்ல ரப்பர் பற்கள் தேய்ஞ்சு மொட்டையானா மாத்தித்தான் ஆகணும், அதுக்கு வைத்தியம் கிடையாது. நடுவுலயும் ஓரத்துலயும் பல் உயரத்தை ஒப்பிட்டுப் பாரு, நடுவுல சீக்கிரம் தேயும். கிளாஸ் மொசைக், வழவழப்பான டைல்ஸ் போட்ட குளமா இருந்தா ரப்பர் பிரஷ் வழுக்கும்; பஞ்சு மாதிரி இருக்கிற பி.வி.ஏ. பிரஷ் போடணும். அது காய்ஞ்சா கல்லா இறுகும், தண்ணியில ஊறி மெத்துன்னு ஆன பிறகுதான் ஓட்டணும்.

சுவர் ஏறலைன்னு சொல்றவங்க முதல்ல வாங்கின பெட்டியை எடுத்துப் பாருங்க. தரைக்கு மட்டும்னே போட்ட மாடல்கள் இருக்கு. சுவருக்கும் சேர்த்து வாங்கினதுதான்னா, கரையில உட்கார்ந்து சுவத்தைக் கையால தடவு. வழவழன்னு இருந்தா பாசியோட ஆரம்பம், குத்தம் தண்ணியில. சொரசொரப்பா இருந்தும் ஏறலைன்னா மறுபடி ஃபில்டர்தான்; தரையில சமாளிக்கிற ரோபோ, உறிஞ்சல் குறைஞ்சா முதல்ல தோக்குறது சுவத்துலதான். ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு மிதந்தா உள்ள காத்து அடைச்சிருக்கு. இறக்கும்போதே தண்ணிக்குள்ள பக்கவாட்டுல சாய்ச்சு, குமிழி நிக்கிற வரைக்கும் பிடிச்சு, அப்புறம் விடு. படிப்படியாச் சரியற ஆழமில்லாத ஓரம் இருக்கிற குளத்துல, ரோபோ அங்க ஏறி காத்தை இழுத்துடும். அந்தப் பக்கத்தைக் கையாலதான் சுத்தம் பண்ணணும். தண்ணி மட்டத்துல டைல்ஸ் மேல ஓடுற எண்ணெய்க் கோடும் அப்படித்தான், சமையல் சோடாவை ஈர ஸ்பாஞ்சுல தொட்டுத் துடைச்சா போயிடும்.

ஒரே மூலை விட்டுப் போகுதா

ஒரே இடத்துல மட்டும் அழுக்கு நின்னா, ரோபோவோட பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அது அந்த இடத்துக்குப் போகவே இல்லை. கேபிளைப் பாரு. பவர் பெட்டி குளத்தோட நீளமான பக்கத்துல, நடுவாக்குல இருக்கணும், கரையிலிருந்து மூணு மீட்டருக்கு மேல தள்ளி, நிழல்ல. தூரத்து மூலையில வச்சா எதிர் மூலைக்கு கேபிள் எட்டாது. தேவையான நீளத்தை மட்டும் தண்ணியில விட்டு, மீதியைக் கரையிலேயே வை. முறுக்கு விழுந்த கேபிள் ரோபோவைத் திருப்பி இழுத்துக்கிட்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, முழு கேபிளையும் வெயில்ல நேரா நீட்டிப் போட்டா முறுக்கு தளரும். சுருட்டும்போது முழங்கையில இறுக்கிச் சுத்தாம, பெரிய வளையமாத் தளர்வா வை. கேபிளைப் பிடிச்சு ரோபோவைத் தூக்கவே கூடாது. கரைக்கு இழுக்க மட்டும் கேபிள், தூக்கக் கைப்பிடி.

நேராப் போகாம வட்டம் அடிச்சா, ஒரு பக்கத்து பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லேன்னா அந்தப் பக்கத்துச் சக்கரத்துல முடி சுத்தியிருக்கும். பெல்ட் மாத்தினா ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்து. குளத்து மோட்டார் ஓடும்போது ஜெட் தண்ணி ரோபோவைத் தள்ளும், படிஞ்ச தூசியையும் கிளப்பும். அதனால ராத்திரி கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தித் தூசியைப் படியவிட்டு, விடிகாலையில ரோபோவை ஓட்டி, அது முடிஞ்ச பிறகு மோட்டாரைப் போடு. சித்திரையில வேப்பம்பூ கொட்டுறப்பவும், ஐப்பசி மழையில சேறு இறங்குறப்பவும் பெரிய குப்பையை வலைக் கரண்டியால அள்ளிட்டு, முதல் ஓட்டத்துக்குப் பெரிய கண்ணு ஃபில்டர், அடுத்ததுக்கு நைஸ் ஃபில்டர்னு போடு. ஒரே ஓட்டத்துல ரெண்டையும் எதிர்பார்த்தா பத்தே நிமிஷத்துல அடைச்சுக்கும்.

நடுவுல கரண்ட் போச்சுன்னா பல மாடல் தானாத் திரும்ப ஓடாது. காலையில பாதிக் குளம் அழுக்கா இருந்தா ராத்திரி கரண்ட் போச்சான்னு வாட்ச்மேனைக் கேளு. பவர் பெட்டிக்கு வர்ற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கண்டிப்பா இருக்கணும். ரோபோவுக்குள்ள போறது குறைஞ்ச வோல்ட் டி.சி.தான், ஆனா பெட்டிக்கு வர்றது வீட்டுக் கரண்ட்.

இத்தனையும் பார்த்தும் சரியாகலைன்னா அப்ப சர்வீஸைக் கூப்பிடு. அடியில இருக்கிற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் அழியறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோ. மணல் சோதனையை வீடியோவா எடுத்து அனுப்பு, "சுத்தம் பண்ணலை"ன்னு மட்டும் சொன்னா அவங்க ஃபில்டரைக் கழுவிட்டு பில் போட்டுடுவாங்க. ரோபோவை மட்டும் அனுப்பாதே. கேபிள், பவர் பெட்டி, ரெண்டையும் சேர்த்து அனுப்பு. கோளாறு பெட்டியில இருந்து ரோபோ மட்டும் போச்சுன்னா, அவங்க பெட்டியில மாட்டி "நல்லாத்தானே ஓடுது"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.